வலி மாத்திரையில் எதை முதலில் குறைப்பது?

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்திலிருந்து பெரிய ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள் ஏராளம். இதயத்துக்கு ஸ்ரீசித்திரா, புற்றுநோய்க்கு ஆர்.சி.சி., மற்றதற்கு மெடிக்கல் காலேஜ் என்று போவார்கள். ஊர் திரும்பிய பிறகு பலருக்கு வருகிற பயம் ஒன்றுதான்: “இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோமோ?” பயந்து இரண்டாம் நாளே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள்.

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதால் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை. நெஞ்சிலோ வயிற்றிலோ தையல் போட்டவர் வலிக்குப் பயந்து இருமாமல், மூச்சை ஆழமாக இழுக்காமல் கிடந்தால் சளி தங்கி நிமோனியா வரலாம். எழுந்து நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையலாம். நோயாளி நடமாடித் தேற வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாத்திரை.

குறைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. டிரமடால், டேபன்டடால், மார்ஃபின் போன்ற வீரியமானவற்றை முதலில் குறைக்க வேண்டும். பாரசிட்டமால் கடைசிவரை நேரந்தவறாமல் இருக்கட்டும். பலரும் “இது சாதாரண மாத்திரைதானே” என்று பாரசிட்டமாலை முதலில் விட்டுவிடுகிறார்கள். அடியில் தாங்குவது போய்விடுவதால் வீரிய மருந்தின் தேவைதான் கூடுகிறது. வீரிய மருந்திலும் பகல் வேளை ஒன்றை முதலில் விட்டு, இரண்டு மூன்று நாள் பார்த்து, அடுத்ததை விடலாம். இரவு வேளையும் பிசியோதெரபிக்கு முந்திய வேளையும் கடைசியில் போகட்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை மட்டும் ஒருபோதும் உடைக்கக் கூடாது. மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும்.

சில நாள் மட்டும் சாப்பிட்டவர் பெரும்பாலும் நேரடியாகவே நிறுத்திவிடலாம். வாரக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் வியர்வை, கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வரலாம். மருந்துக்குப் பழகிய உடம்பு காட்டும் எதிர்வினை இது. அடிமைத்தனம் என்பது வேறு. டாக்டரிடம் சொன்னால், முந்திய அளவுக்குத் திரும்பி இன்னும் மெதுவாகக் குறைக்கச் சொல்வார். நரம்பு வலிக்குத் தரும் பிரகாபலின், காபாபென்டின் ஆகியவற்றையும் டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

ஒரு கணக்கை அவசியம் போட்டுப் பாருங்கள். டிரமடாலும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை ஒன்றில் பெரும்பாலும் 325 மில்லிகிராம் பாரசிட்டமால் இருக்கும். நாளைக்கு அதில் நான்கு, கூடவே டோலோ 650 (இதுவும் பாரசிட்டமால்தான்) நான்கு என்றால் மொத்தம் 3,900. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே 4,000தான். மெலிந்த முதியவர்களுக்கும் ஈரல் கோளாறு, குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் வரம்பு இதைவிடக் குறைவு.

அடிமையாகிவிடுவோமோ என்ற பயத்துக்கு எதிராக நெடுங்காலம் உழைத்த ஊரும் திருவனந்தபுரம்தான். டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய ‘பாலியம் இந்தியா’ என்ற வலிநிவாரண அமைப்பு அங்கிருந்துதான் இயங்குகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் கடும் வலியில் துடித்தவர்களுக்குக்கூட மார்ஃபின் கிடைக்காமல் போனது. அவரும் அவரைப் போன்றவர்களும் விடாமல் போராடியதால் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. உரியவருக்கு உரிய அளவில் வலி மருந்து தருவது மருத்துவரின் கடமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

2018இலிருந்து டிரமடாலும் அந்தச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. சீட்டு இல்லாமல் மெடிக்கலில் கேட்டு நிற்காதீர்கள். மிச்சமானதை முதுகுவலிக்காரருக்கும் கொடுக்காதீர்கள். வீரிய மாத்திரையோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும்.

குறைந்துவந்த வலி திரும்பக் கூடினாலோ, காய்ச்சல், தையலில் சீழ், கெண்டைக்கால் வீக்கம் கண்டாலோ மாத்திரையைக் கூட்டிப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் அன்றே, வண்டி ஏறுமுன், எதை எந்த நாளில் குறைக்க வேண்டும், சந்தேகம் வந்தால் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.