குளிர்காலத்தில் இரை தொடாத பாம்பு: நோயா, உடலின் கணக்கா?

புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்து வளரும் எமது பிள்ளைகள் எல்லோரும் நாய், பூனையோடு நின்றுவிடுவதில்லை. கனடாவில் சில வீடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாம்பும் வளர்கிறது. அப்படி விரும்பி வளர்க்கப்படுபவற்றில் ஒன்று கிங் ஸ்னேக் எனப்படும் வட அமெரிக்கப் பாம்பு. புரட்டாதி வரை கொடுத்த எலியை ஒரே பாய்ச்சலில் பிடித்து விழுங்கிய அது, கார்த்திகை பிறந்ததும் எலியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். ஒரு கிழமை, இரண்டு கிழமை, பிறகு ஒரு மாதம். பாம்பைக் கண்டாலே காலைத் தூக்கிக் கதிரையில் வைக்கும் அம்மம்மாகூட "அது ஏதும் சாப்பிட்டதோ?" என்று கேட்கத் தொடங்குவார்.

கிங் ஸ்னேக் நஞ்சற்றது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். வளர்ப்பில் அதிகம் காணப்படும் கலிபோர்னியா கிங் ஸ்னேக் பெரும்பாலும் ஒரு மீற்றர் அளவே வளரும். எலி, பல்லி, பறவை முட்டை மட்டுமல்ல, மற்றப் பாம்புகளையும் அது தின்னும். அமெரிக்காவின் கிலுகிலுப்பை விரியன்கூட அதற்கு இரைதான். அந்த நஞ்சு அதனை எளிதில் பாதிப்பதில்லை. பெயரில் 'கிங்' ஒட்டிக்கொண்டது இதனால்தான். இவ்வளவு பெருந்தீனி தின்னும் பாம்பு திடீரென வாய் திறக்க மறுப்பதால்தான் வளர்ப்பவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள்.

காரணம் வயிற்றில் இருக்கிறது. பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்குவதில்லை. வெளியில் கிடைக்கும் சூட்டை வாங்கித்தான் அதன் சமிபாடு நடக்கிறது. எலியை மென்று அல்ல, முழுதாக விழுங்குகிறது. உடல் சூடாக இருந்தால் எலும்பு உட்பட அதைச் சில நாட்களில் கரைத்துவிடும். உடல் குளிர்ந்திருந்தால் சமிபாட்டு நீர்கள் மந்தமாகிவிடும். ஆனால் எலியின் உடலில் உள்ள பற்றீரியாக்கள் தமது வேலையைத் தொடரும். இரை வயிற்றுக்குள்ளேயே அழுகும். பாம்பு அதைக் கக்க வேண்டியிருக்கும், சிலவேளை இறந்தும் போகும். ஆகவே குளிர் வருமுன் இரையை நிறுத்துவது உயிர் தப்பும் வழி. காட்டில் வாழும் கிங் ஸ்னேக் குளிர்காலத்தில் எலி வளைக்குள்ளோ பாறை இடுக்குக்குள்ளோ ஒதுங்கிவிடும். அது ஆழ்ந்த தூக்கம் அல்ல. இடையிடையே அசையும், தண்ணீர் குடிக்கும், உண்ணாது.

"வீட்டுக்குள் ஹீற்றர் போட்டிருக்கிறோமே, அதற்கு எப்படிக் குளிர்காலம் தெரியும்?" என்ற கேள்வி நியாயமானது. பாம்பு சூட்டை மட்டும் பார்ப்பதில்லை. ரொறன்ரோவில் ஆனி மாதத்தில் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல் நீளும் பகல், மார்கழியில் ஒன்பது மணித்தியாலத்துக்குச் சுருங்குகிறது. யன்னலோரப் பெட்டியில் கிடக்கும் பாம்புக்கு அது போதும். அதற்குள்ளேயே ஓடும் ஆண்டுச் சுழற்சியும் உண்டு. வளர்ந்த ஆண் பாம்புகளில் இது கூடுதலாகத் தெரியும்; வசந்தத்தில் வரும் இனப்பெருக்க காலத்துக்கு உடல் தயாராவதும் இதே சுழற்சியின் பகுதி. யாழ்ப்பாணத்திலோ பகலின் நீளம் ஆண்டு முழுவதிலும் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகவே மாறும். தைப் பனியிலும் 20 பாகை செல்சியஸுக்குக் கீழே போவது அரிது. அதனால்தான் எங்கள் வளவுச் சாரைப்பாம்பு இப்படி மாதக்கணக்கில் ஒதுங்கிக் கிடப்பதை நாம் கண்டதில்லை.

இந்தப் பட்டினியில் பாம்புக்கு என்ன நடக்கிறது? அமெரிக்காவின் ஆர்கன்சோ பல்கலைக்கழகத்தில் மார்ஷல் மக்கியூ என்ற ஆய்வாளர் மூன்று இனப் பாம்புகளை ஏறத்தாழ ஆறு மாதம் உணவின்றி வைத்துப் பார்த்தார். 2007இல் வெளியான முடிவின்படி, அவற்றில் சில தமது உடற்செலவை 72 வீதம் வரை குறைத்துக்கொண்டன. கிங் ஸ்னேக் அந்த மூன்றில் இல்லை, ஆனாலும் பாம்பின் உடல் எப்படிச் சிக்கனம் பிடிக்கும் என்பது இதில் தெரிகிறது. எமது உடலால் அது முடியாது. 37 பாகையைக் காப்பதற்கே நாம் உண்பதில் பெரும்பகுதி எரிகிறது.

2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்குப் பட்டினி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் உயிர் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்க்க அவர்களால் இயலாது. வாயைத் திறந்து எதையாவது தீத்திவிடத்தான் மனம் சொல்லும். ஆனால் பாம்பு விடயத்தில் அந்தப் பரிவே அதைக் கொன்றுவிடலாம். வலிந்து திணித்தால் தொண்டை கிழியும். குளிர்ந்த உடலுக்குள் போன இரை அழுகும். உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டுப் பார்ப்பது இன்னும் மோசம். மந்தமாகக் கிடக்கும் பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். உறையவைத்து இளக்கிய எலியை இரண்டு கிழமைக்கு ஒருதடவை காட்டிப் பாருங்கள். தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

பெரும்பாலானோர் தவறுவது சூட்டில்தான். பெட்டியின் ஒரு பக்கம் 30 பாகையளவிலும் மறுபக்கம் 23, 24 பாகையளவிலும் இருந்தால், பாம்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். குளிர்கால ஓய்வு கொடுக்க விரும்பும் அனுபவசாலிகள் முதலில் இரண்டு, மூன்று கிழமை இரையை நிறுத்தி, வயிறு வெறுமையான பின்னர் 10 முதல் 13 பாகை வரை மெதுவாக இறக்குவார்கள். இனப்பெருக்கம் செய்யாத வீட்டுப் பாம்புக்கு இது தேவையில்லை. ஆபத்து இடைநடுவில் இருக்கிறது. மின்கட்டணத்துக்குப் பயந்து ஹீற்றரைக் குறைத்ததில் பெட்டி முழுவதும் 18, 20 பாகையில் நின்றால், சமிபாட்டுக்கு அது போதாது, உடற்செலவு அடங்குவதற்கோ அது கூட. பாம்பு மெலியும், நெஞ்சில் சளி பிடிக்கும். சுவரில் தொங்கும் வெப்பமானியை நம்பாமல் பெட்டிக்குள்ளேயே அளந்து பாருங்கள்.

நோயா, பருவமா என்று பிரித்தறியச் சமையலறைத் தராசு போதும். கிழமைக்கு ஒருதடவை நிறுத்து எழுதிவையுங்கள். வளர்ந்த ஆரோக்கியமான பாம்பு இரண்டு, மூன்று மாதம் உண்ணாவிட்டாலும் எடை அதிகம் குறையாது. 10 வீதத்துக்கு மேல் குறைந்தால் காத்திருக்க வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, மூக்கிலோ வாயிலோ குமிழி வருவது, வாய் ஓரம் சிவந்து சீழ் கட்டுவது, உண்டதைக் கக்குவது ஆகியவை பருவத்தின் குணங்கள் அல்ல. ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் உடனே கொண்டுபோக வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிகளுக்கு இந்தச் சேமிப்பு இல்லை. அவை சில கிழமை மறுத்தாலே கேட்பது நல்லது. கண் பால்போல் வெளிறியிருந்தால் தோல் உரிக்கப் போகிறது என்று பொருள். அது முடிந்ததும் தானாகவே உண்ணும். எந்த நிலையிலும் தண்ணீர்க் கிண்ணம் காயக்கூடாது. குளிர்காலத்தில் ஹீற்றர் வீட்டுக் காற்றையே உலர்த்திவிடுகிறது.

சலித்துப்போய் வெளியில் விட்டுவிடுபவர்களும் உண்டு. கனடாக் குளிரில் அது பாம்புக்கு மரணம். சூடான இடத்திலோ மற்ற உயிர்களுக்கு மரணம். ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவில், வளர்ப்பிலிருந்து வெளியேறிய கலிபோர்னியா கிங் ஸ்னேக்குகள் பெருகி, அத்தீவுக்கே உரிய பெரும் பல்லியினத்தை அவை பரவிய பகுதிகளில் அநேகமாகத் துடைத்தழித்துவிட்டன. வைத்திருக்க இயலாவிட்டால் ஊர்வனவற்றைப் பொறுப்பேற்கும் காப்பகத்திடம் கொடுக்கலாம்.

மாசி, பங்குனியில் பகல் நீளத் தொடங்கும்போது பாம்பு பெட்டிக்குள் உலாவத் தொடங்கும், நாக்கை அடிக்கடி நீட்டும். அப்போது வழமையான எலியைக் கொடுக்காமல், அதில் பாதியளவான சின்ன எலி ஒன்றைக் கொடுங்கள். நீண்ட பட்டினிக்குப் பின் மனிதருக்கே சிறிது சிறிதாகத்தான் உணவு தொடங்க வேண்டும். அது செமித்துக் கழிவு வெளியேறிய பிறகு அடுத்ததைக் கொடுக்கலாம்.