கொடுக்காத சாக்லேட்!

'சொல்லித் தொலையேன்டா!'னு படிக்கிறவங்களையே கத்த வைக்கிற மங்கா ஒண்ணு இருக்கு. பேரு 'கிமி நி தொதோகே'. ஜப்பான்ல காருஹோ ஷீனா எழுதி வரைஞ்சு, 2005-ல ஆரம்பிச்சு 2017 வரை ஓடி, 30 புத்தகமா வந்த ஸ்கூல் லவ் ஸ்டோரி.

ஹீரோயின் சவாகோ. முகத்துல விழற நீளக் கூந்தல். அதனால 'ரிங்' படத்துப் பேய் சடாகோ பேரையே பட்டமா வெச்சுட்டாங்க. அவகிட்ட பயப்படாம பேசுறவன் கஸேஹாயா, ஸ்கூலுக்கே செல்லப்பிள்ளை.

வேலன்டைன்ஸ் டே வருது. ஜப்பான்ல அன்னிக்குப் பொண்ணுங்கதான் சாக்லேட் கொடுப்பாங்க. அதுலயும் ரெண்டு ரகம் பாஸ்! மரியாதைக்குக் கொடுத்தா 'கிரி', மனசாரக் கொடுத்தா 'ஹோன்மெய்'. மத்தவங்களுக்கு ஈஸியா கொடுத்துடறா சவாகோ. கஸேஹாயாவுக்கு மட்டும் கை நடுங்குது. ஏன்னா, அதுதான் நிஜம். கொடுக்காமலே விட்டுடறா. அவனோ, 'எனக்கு மட்டும் இல்லையா?'னு புழுங்குறான். அவளுக்கு அது காதல், அவன் கணக்குல அது மறுப்பு!

இந்த நேரம் பார்த்து கென்டோனு ஒருத்தன் சவாகோகிட்ட சகஜமா பழக... பொறாமைக்குக் கேட்கணுமா?

என்னைக் கேட்டா, எனக்குப் பிடிச்சது வில்லி குருமிதான். சவாகோ மேல புரளி கிளப்பினவ, சரி. ஆனா கஸேஹாயா முன்னாடி நேரா நின்னு காதலைச் சொல்லி, 'இல்லை'ங்கிற பதிலையும் கேட்டுக்கிட்டவ அவதான்!