கணினி மலைக்குக் காரணம் வேண்டும்

அனிமேஷன் திரைப்படத்தில் தோன்றும் மலையைக் கண்டதும், ‘இது மெய்யான மலை’ என்று மனம் ஒப்புக்கொள்வது எதனால்? வகுப்பறையில் நெடுங்காலம் நிலநூல் கற்பித்தவன் என்ற முறையில் இவ்வினாவில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு.

கணினியில் நிலம் இரு படிகளில் அமைகிறது. முதலாவது வடிவம். ஒவ்வோர் இடத்தின் உயரத்தையும் ஓர் எண்ணாகக் குறித்து, அப்புள்ளிகளை இணைத்துச் சிறு முக்கோணங்களாலான வலையை விரிக்கின்றனர். 2015இல் வெளிவந்த பிக்ஸார் நிறுவனத்தின் ‘தி குட் டைனோசர்’ படத்திற்கு, அமெரிக்க அரசின் நிலவியல் அளவைத் துறை திரட்டிய உண்மையான உயர அளவுகளே பயன்பட்டன.

இரண்டாவது, அவ்வலையின்மேல் போர்த்தப்படும் மேற்பரப்பு. இதனை டெக்ஸ்சர் என்பர். வளைந்த பரப்பின்மேல் ஒரு படத்தைப் பொருத்தும் முறையை எட்வின் கேட்மல் 1974இல் யூட்டா பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் விளக்கினார். மலையின் வடிவம் எத்துணைச் செம்மையாக இருப்பினும், போர்வை பொய்யானால் மலையும் பொய்யாகிவிடும். இதில் நேரும் குறைகள் மூன்று.

முதற்குறை, திரும்பத் திரும்ப வருதல். ஒரே பாறைப்படத்தைத் தரையோடு பதிப்பது போல் அடுக்கினால், தொலைவிலிருந்து நோக்குங்கால் கட்டங்கள் புலப்பட்டுவிடும். இயற்கை அவ்வாறு படியெடுப்பதில்லை. 1982இல் வெளிவந்த ‘ட்ரான்’ படத்தில் பணியாற்றிய கென் பெர்லின், கணினிப் படங்களின் இயந்திரத்தனம் கண்டு மனம் நிறைவுறாது, ஒழுங்கும் ஒழுங்கின்மையும் கலந்த ஒரு கணிதச் சார்பை வகுத்து 1985இல் வெளியிட்டார். ‘பெர்லின் நாய்ஸ்’ எனப்படும் அதற்கு 1997இல் ஆஸ்கார் குழுவின் தொழில்நுட்ப விருது கிட்டியது. அச்சார்பைக் கொண்டு நிறத்தைச் சற்றே வேறுபடுத்தி, ஒன்றுக்கு மேற்பட்ட படங்களைக் கலந்தால் கட்டங்கள் மறையும்.

இரண்டாங்குறை, இழுபடுதல். மேலிருந்து போர்த்திய படம் செங்குத்தான பாறைச் சுவரில் துணிபோல் நீண்டுவிடும். மேலிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் படத்தைப் படியச்செய்து, பரப்பு எத்திசையை நோக்குகிறதோ அதற்கேற்பக் கலப்பதே இதற்குத் தீர்வு.

மூன்றாங்குறையே பெருங்குறை, அது காரணமின்மை. செங்குத்துச் சரிவில் மண் தங்காது. ஆகவே அங்கே பாறை வெளித்தெரியும். மென்சரிவில் மண் தங்கும். ஆகவே புல் முளைக்கும். ஓடைவழியில் கூழாங்கல் சேரும். உயர்ந்த சிகரத்திலும் பனி செங்குத்துப் பாறையில் நில்லாது. சரிவு, உயரம், நீரோட்டம் ஆகிய மூன்றையும் முதற்படியின் எண்களிலிருந்தே கணினி கணக்கிட்டுத் தரும். ஆனால் எந்த அளவிற்கு எந்தப் போர்வை என்று விதிக்க வேண்டியவர் கலைஞரே. அவ்விதி தவறினால், கதைத் தலைவன் பாறையில் தொங்கும்போது, பார்க்கும் குழந்தையின் நெஞ்சில் அச்சம் பிறவாது, கதையே தோற்றுவிடும்.

மென்பொருளின் பொத்தான்களை அறிந்தால் போதும், நிலநூல் எதற்கு என்று கருதும் இளைஞர் உளர். பொத்தான்கள் ஆண்டுதோறும் மாறலாம். நீர் பள்ளம் நோக்கி ஓடுவது மாறாது. ஆதலின், அடுத்த மழை ஓய்ந்ததும் உங்கள் ஊர் மேட்டையோ ஏரிக்கரையையோ சென்று பாருங்கள். நீர் எங்கே மண்ணை அரித்தது, எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது, புல் எங்கே பிழைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கணினியில் மலை சமைக்க விழைவோர்க்கு அதுவே முதற்பாடம்.