ஈ ஓட்டாதீங்க, ஈ பிறக்கிற இடத்தைத் தேடுங்க!



யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் "என்ன, ஈ ஓட்டிக்கிட்டு இருக்கியா?" என்று கிண்டல் செய்வோம். சில வாரங்களுக்கு முன்புவரை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிஜமாகவே அதுதான் வேலை. அம்மா ஒரு கையால் தோசை சுடுவார், மறு கையால் முந்தானையை வீசுவார். நான் பழைய நோட்டு அட்டையை மடித்து வைத்துக்கொண்டு அடிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கொண்டே அடித்தேன். மொத்தம் 43 ஈ! பெருமையாக இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்றுகூடக் குறைந்த மாதிரி தெரியவில்லை.

நம் ஊரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டம், சுற்றிலும் கோழிப்பண்ணை. அதனால் ஈ என்றாலே "எல்லாம் பண்ணையால வருது, நாம என்ன பண்ண முடியும்?" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன், என் தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போகும் வரைக்கும்.

தம்பிக்கு வந்த வயிற்றுப்போக்கு

என் தம்பிக்கு நாலு வயது. ஒருநாள் இரவு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. விடியும்போது கண் உள்ளே போய், நாக்கு வறண்டு, அழக்கூட முடியாமல் கிடந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்த இரண்டு நாளும் அம்மா சாப்பிடவே இல்லை.

வீடு திரும்பிய பிறகு கிராம சுகாதார நர்ஸ் அக்கா பார்க்க வந்தார். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும், 14 நாளைக்குத் துத்தநாக மாத்திரையும் கொடுத்தார். குடிதண்ணீரைக் காய்ச்சச் சொன்னார், சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார். பிறகு தம்பியின் பால் டம்ளர் விளிம்பில் உட்கார்ந்திருந்த ஈக்களைப் பார்த்துவிட்டு, "இது எங்கே இருந்து வருதுன்னு தேடிப் பார்த்தியா பாப்பா?" என்று கேட்டார். "பண்ணையில இருந்துங்க்கா" என்றேன். "நேர்ல பார்த்தியா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

தம்பிக்கு ஈயால்தான் நோய் வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஈக்கும் வயிற்றுப்போக்குக்கும் தொடர்பு உண்டு. பாகிஸ்தானில் சில கிராமங்களில் 1995, 1996 ஆண்டுகளில் ஈக்களைக் கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். அங்கே குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 23 சதவீதம் குறைந்தது.

ஈ எப்படிச் சாப்பிடுகிறது?

வீட்டு ஈயின் அறிவியல் பெயர் மஸ்கா டொமெஸ்டிகா. இதற்குக் கடிக்கப் பல் கிடையாது. வாய் ஸ்பஞ்சு மாதிரி இருக்கும், உறிஞ்ச மட்டும்தான் முடியும். அதனால் கெட்டியான பண்டத்தில் உட்கார்ந்தால் முதலில் எச்சிலையும் வயிற்றில் இருப்பதையும் அதன்மேல் கக்கும். அது கரைந்ததும் உறிஞ்சிக் குடிக்கும். நாம் மிச்சத்தைச் சாப்பிடுகிறோம்!

அதோடு ஈ காலால்தான் ருசி பார்க்கும். சாணியில் நடந்த அதே கால், மலத்தில் நடந்த அதே கால், நம் சோற்றிலும் நடக்கிறது. காலில் உள்ள மயிரிலும் ஒட்டும் பாதங்களிலும் காலரா, டைபாய்டு, சீதபேதி போன்ற நோய்களின் கிருமிகள் ஒட்டிக்கொண்டு வரும்.

பாட்டில் சோதனை

அறிவியல் டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். "யார் மேலயும் பழி போடறதுக்கு முன்னாடி நீயே சோதனை பண்ணிப் பாரு" என்று சொல்லி வழியும் சொல்லிக் கொடுத்தார்.

எங்கள் கட்டுத்தாரையில் ஒரு மாடும் கன்றும் உண்டு. கூளமும் மூத்திரமும் கலந்த சாணி ஒரு கைப்பிடி எடுத்து அகன்ற வாய் பாட்டிலில் போட்டு, அரை நாள் திறந்து வைத்தேன். பிறகு வாயைத் துணியால் கட்டி நிழலில் வைத்தேன். எழுதி வைத்த குறிப்பு இதோ:

1-ஆம் நாள்: நொய் அரிசியைவிடச் சின்னதாக, கொத்துக் கொத்தாக வெள்ளை முட்டைகள்.
2-ஆம் நாள்: முட்டை இல்லை, நெளியும் புழுக்கள்.
6-ஆம் நாள்: புழுக்கள் காய்ந்த ஓரத்துக்கு வந்து, பழுப்பு நிற மாத்திரை மாதிரி கூடாக மாறின.
10-ஆம் நாள்: பாட்டில் முழுக்க ஈ! எண்ணினேன், 61.

ஒரு கைப்பிடிக்கு 61 என்றால், வீட்டுப் பின்னால் இருக்கும் எங்கள் எருக்குழிக்கு எத்தனை? எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அரை மைல் தள்ளி இருக்கிற பண்ணையைத் திட்டிக்கொண்டு, பத்தடி தூரத்தில் நாங்களே ஈ வளர்த்திருக்கிறோம்.

பண்ணையில் ஈ வராது என்று சொல்லவில்லை. அங்கே வேலை செய்யும் சித்தப்பா சொன்னார்: "எரு காய்ஞ்சு கெடந்தா ஈ கம்மி. தண்ணிக் குழாய் ஒழுகி நனைஞ்சுதுன்னா பெருகிரும்." அங்கேயும் இங்கேயும் காரணம் ஒன்றுதான், ஈரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு பெண் ஈ ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டை, வாழ்நாளில் சுமார் 500 முட்டை இடும். அதில் பாதி பெண் என்றால் 250. அவையும் ஆளுக்கு 500 இட்டால் 1,25,000! எல்லாம் பிழைக்காது என்றாலும், நான் அடித்த 43 எந்த மூலைக்கு? முட்டை ஈயாக மாற வெயில் காலத்தில் 7 முதல் 10 நாள் போதும். இதில்தான் நமக்கு வழி இருக்கிறது. அந்த ஏழு நாளுக்குள் சாணியையும் குப்பையையும் கிளறிக் காயவைத்தால் ஈயே பிறக்காது.

நாங்கள் செய்தது

முதலில் அம்மாயி ஒத்துக்கொள்ளவில்லை. "ஏங்கண்ணு, எருக்குழி இல்லாம எந்த ஊட்டுல பண்ணையம் நடந்துச்சு?" என்று சத்தம் போட்டார். நான் ஒன்றும் பேசாமல் பாட்டிலைக் கொண்டு போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், "அட கருமமே" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்து வரச் சொன்னார்.

1. தினமும் சாணியை அள்ளி வரட்டி தட்டுகிறோம். மிச்சத்தை வெயிலில் மெல்லிசாகப் பரப்புகிறோம்.
2. எருக்குழியை வீட்டிலிருந்து தள்ளி மாற்றினோம். குப்பை போட்டவுடன் மிதித்து அமுக்கி, மேலே மண் போட்டு மூடுகிறோம். மூடின குழி உள்ளே சூடேறும், அந்தச் சூட்டைப் புழு தாங்காது.
3. கழனித்தண்ணித் தொட்டியைச் சுற்றித் தேங்கிய சேற்றில் மணல் கொட்டினோம்.
4. சமையலறைக் குப்பைக்கு மூடி போட்ட வாளி. தினமும் காலி செய்து கழுவிக் காயவைக்கிறோம்.
5. சோறு, குழம்பு, பழம் எல்லாவற்றுக்கும் மூடி. ஜன்னலுக்குக் கொசுவலைத் துணி.
6. சாப்பிடும்போது மின்விசிறி. காற்று வீசினால் ஈ உட்காரத் திணறும்.
7. மிச்சம் இருக்கும் ஈக்குப் பொறி: பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, மூடியைக் கழற்றித் தலைகீழாகச் செருகி, உள்ளே வெல்லத் தண்ணீரும் அழுகிய பழத்துண்டும் போட வேண்டும். உள்ளே போன ஈக்கு வழி தெரியாது. இதை வீட்டுக்கு வெளியே வையுங்கள், உள்ளே வைத்தால் விருந்துக்கு அழைத்த மாதிரி ஆகிவிடும்!

பலன் தராதவை

வாசலில் தண்ணீர்ப் பையைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஈ அந்தப் பை மேலேயே வந்து உட்கார்ந்தது. மருந்து அடிப்பதை மட்டும் நம்பினாலும் நீடிக்காது. டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டுபிடித்ததற்காக 1948-இல் பால் முல்லர் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அதற்கு முன்பே அந்த மருந்துக்குச் சாகாத வீட்டு ஈக்கள் ஐரோப்பாவில் தோன்றிவிட்டன. தவிர, சமையலறையில் அடித்தால் மருந்து நம் தட்டிலும்தான் விழும்.

உங்களுக்குத் தெரியுமா?

குட்டி ஈ என்று ஒன்று கிடையாது. கூட்டிலிருந்து வந்த ஈ அதற்கு மேல் வளராது. சின்னதாகத் தெரிவது பெரும்பாலும் வேறு இனம்.

இப்போது எங்கள் வீடு

முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கெனவே பிறந்த ஈ இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருக்கும் அல்லவா? மூன்றாவது வாரத்தில் அம்மா முந்தானை வீசாமல் தோசை சுட்டார். ஈ அடியோடு ஒழியவில்லை. எண்ணினால் ஒரு வேளைக்கு நாலு, ஐந்து வரும். தம்பி நன்றாக இருக்கிறான், என் நோட்டில் கிறுக்கும் அளவுக்கு!

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பள்ளியில் சத்துணவுத் தட்டு கழுவும் இடத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். கொட்டின சோறும் தேங்கின தண்ணீரும் எங்கள் பழைய எருக்குழி மாதிரியே இருக்கிறது. அங்கேதான் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒரு மூடி போட்ட டிரம், இரண்டு கூடை மணல், வகுப்புக்கு இரண்டு பேர் முறை வைத்து வேலை. இது போதும். தலைமை ஆசிரியர் அனுமதி தந்தால் திங்கட்கிழமை மண்வெட்டியோடு வர நான் தயார். நீங்கள்?

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி