பெயர் மாறிய கைத்துப்பாக்கி

குழந்தைகளே! இரும்பில் பொறித்த எழுத்து ஒரு நாட்டின் கதையைச் சொல்லுமா? சொல்லும்!

செக்கோஸ்லோவாகியா நாட்டின் ஸ்ட்ராகோனிட்சே நகரில் தயாரான கைத்துப்பாக்கி, 'வி.இசட். 27'. 'வி.இசட்.' என்பது, 'மாதிரி' என்று பொருள்படும் செக் சொல்லின் சுருக்கம். 27 என்பது, 1927ம் ஆண்டு. அதன் மேற்பகுதியில், 'செஸ்கா ஸ்ப்ரோயோவ்கா' என, நிறுவனத்தின் பெயர் செக் மொழியில் இருக்கும். 'செக் ஆயுதத் தொழிற்சாலை' என்று அர்த்தம்.

1939 மார்ச் 15ல், ஹிட்லரின் படை, தலைநகர் பிராக்கிற்குள் புகுந்தது. அதன்பின் தொழிற்சாலை, ஜெர்மானியருக்காக உழைத்தது. துப்பாக்கி அதேதான், பெயர் மட்டும் ஜெர்மன் மொழிக்கு மாறியது! பிறகு அதுவும் போய், 'எப்.என்.எச்.' என்ற மூன்றெழுத்துக் குறி வந்தது. எங்கே தயாரானது என்பது எதிரிக்குத் தெரியக் கூடாதே!

1945ல் போர் முடிந்தது. செக் பெயர் திரும்பி வந்தது.

நாஜி அதிகாரி ஹைட்ரிக்கை, 1942ல் செக்கோஸ்லோவாக்கிய வீரர்கள் தாக்கிய வரலாற்றை, 'அடென்டாட்' (1964), 'ஆந்த்ரபாய்ட்' (2016) ஆகிய படங்கள் சொல்கின்றன. இத்தகைய படம் எடுப்பவர்களுக்கு, துப்பாக்கியின் எழுத்தும் முக்கியம். 1938ல் நடக்கும் கதையில், 'எப்.என்.எச்.' தெரிந்தால் தவறு! அந்த ஆண்டில் தொழிற்சாலை செக் மக்களிடம்தானே இருந்தது!

படப்பிடிப்பில் சுடும்போது, குண்டு இல்லாத வெற்றுத் தோட்டாவைப் பயன்படுத்துவர். சத்தமும், நெருப்பும் வரும். அதுவும் அருகில் இருப்பவரைக் காயப்படுத்தும் என்பதால், கவனமாகக் கையாள வேண்டும்.

இனி போர்ப்படம் பார்க்கும்போது, 'டுமீல்' சத்தத்தை மட்டும் கேட்காதீர்கள். எழுத்தையும் கவனியுங்கள், செல்லங்களே!