கிருமியின் மதிலை உடைக்கும் கிருமி

மணமேல்குடி வட்டாரத்தில் நெல்லும் மீனும் அளிக்கும் வருவாய் பருவத்தைப் பொறுத்தது. பல குடும்பங்களுக்கு அன்றாடச் செலவில் கைகொடுப்பது கறவை மாடே ஆகும். அதற்கு மடிநோய் கண்டால் மடி வீங்கிச் சூடேறுகிறது. பால் திரிந்து வருகிறது. நோய் தணிந்த பின்னரும் ஒரு காம்பு நிலையாக வற்றிப்போதல் உண்டு. இந்நோயை விளைவிக்கும் கிருமிகளுள் முதன்மையானது ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பதாகும். மனிதருக்குக் கட்டிகள் வருவதற்கும், காயங்கள் சீழ்பிடிப்பதற்கும் இதே கிருமி காரணமாவதுண்டு. இதனைக் கொல்லும் ஒரு பொருளை, இதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு கிருமியே உண்டாக்குகிறது என்பதை அறிய வியப்பாயிருக்கும்.

கிருமியின் மதில்

பாக்டீரியா ஒவ்வொன்றும் ஓர் உயிரணுவேயாகும். பெரும்பாலானவற்றுக்கு அவ்வுயிரணுவைச் சுற்றி உறுதியான சுவர் உண்டு. இச்சுவரை நம் கடற்கரையில் காணும் மீன்வலைக்கு ஒப்பிடலாம். சர்க்கரைப் பொருள்களாலான நீண்ட இழைகளைச் சிறு புரத இணைப்புகள் முடிச்சுகளைப்போல் பிணைத்து நிற்கின்றன. உயிரணுவின் உள்ளே அழுத்தம் மிகுதி. சைக்கிள் டயர் கிழிந்தால் உள்ளிருக்கும் டியூப் பிதுங்கி வெடிப்பதுபோல், சுவர் அறுந்தால் கிருமியும் வெடித்து மடிகிறது. மனிதனுடைய உயிரணுக்களுக்கும் மாட்டின் உயிரணுக்களுக்கும் இத்தகைய சுவர் இல்லை. ஆகவே, இச்சுவரை மட்டும் தாக்கும் பொருள் நம் உயிரணுக்களை வெடிக்கச் செய்வதில்லை.

மதிலை வெட்டும் நொதி

1922-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங், கண்ணீரிலும் முட்டையின் வெண்கருவிலும் உள்ள லைசோசைம் என்னும் நொதி சில பாக்டீரியாக்களைக் கரைப்பதை அறிவித்தார். கிருமிகளும் இவ்வகை நொதிகளைச் சுரக்கின்றன. 1964-இல் ஷிண்ட்லர், ஷூஹார்ட் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் அவற்றுள் ஒன்றைக் கண்டறிந்து வெளியிட்டனர். அதற்கு லைசோஸ்டாபின் என்று பெயர்.

ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸின் சுவரில் உள்ள பிணைப்பு, கிளைசின் என்னும் பொருள் ஐந்து சேர்ந்த ஒரு சிறு பாலமாகும். லைசோஸ்டாபின் அப்பாலத்தையே வெட்டுகிறது. உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடும் கிருமிகளிடையே இஃது ஓர் ஆயுதம் எனலாம். ஆயுதத்தைச் செய்யும் கிருமி தானே அதற்கு இரையாகாதது எங்ஙனம்? அது தன் பாலங்களில் சில கிளைசின்களுக்குப் பதிலாகச் செரின் என்னும் வேறு பொருளை அமைத்துக்கொள்கிறது. அவ்விடத்தில் நொதியின் வெட்டு பலிப்பதில்லை.

பெனிசிலின் புதிய சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. ஆதலின் வளரும் கிருமியிடத்தே அது நன்கு வேலை செய்கிறது. லைசோஸ்டாபினோ, கட்டி முடிந்த சுவரையே இடிக்கிறது. வளராது அடங்கியிருக்கும் கிருமியும் அதற்குத் தப்புவதில்லை.

கறவை மாடுகளில் சோதனை

2005-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், பாலில் லைசோஸ்டாபின் சுரக்குமாறு மரபணு மாற்றிய ஜெர்சிப் பசுக்களைப் பற்றி அறிவித்தனர். மடியில் இக்கிருமியைச் செலுத்திப் பார்த்தபோது, சாதாரணப் பசுக்களின் மடிகளில் 71 விழுக்காட்டில் நோய் பற்றியது. மாற்றிய பசுக்களில் 14 விழுக்காட்டிலேயே பற்றியது. நம் நாட்டில், பெங்களூரிலுள்ள கங்காஜென் நிறுவனத்தார், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றின் நொதிப் பகுதியையும், லைசோஸ்டாபின் கிருமிச் சுவரைப் பற்றிக்கொள்ளும் பகுதியையும் இணைத்து, பி128 என்னும் புதிய புரதத்தை உருவாக்கியுள்ளனர்.

எனினும் குறைகளும் உள. லைசோஸ்டாபின் ஸ்டாபிலோகாக்கஸ் இனத்தை மட்டுமே தாக்குவது. மடிநோயை உண்டாக்கும் ஏனைய கிருமிகளுக்கு இது பயன்படாது. கிருமி தன் பாலத்தை மாற்றிக்கொண்டு தப்புவதும் உண்டு. ஆனால், அவ்வாறு தப்பிய கிருமி பெனிசிலின் வகை மருந்துகளுக்கு எளிதில் இரையாவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

இன்று செய்யத்தக்கவை

நம் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பெறும் மருந்தாக இந்நொதி இன்னும் வரவில்லை. ஆதலின், கையிலுள்ள மருந்துகளின் ஆற்றல் கெடாமல் காப்பது நம் கடமையாகும். மருத்துவர் குறித்த நாள் முழுவதும் மருந்தைக் கொடுத்தல் வேண்டும். வீக்கம் தணிந்ததும் இடையில் நிறுத்துதல் கூடாது. அவர் விலக்கிய நாள்களில் கறந்த பாலை விற்பதும் பருகுவதும் தகா. மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் சரிவரத் தோயாது என்பதே அது பாலில் இருப்பதற்குச் சான்றாகும்.

இக்கிருமி பெரும்பாலும் கறப்பவர் கை வழியாகவே மாட்டுக்கு மாடு பரவுகிறது. எனவே, கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் தூய துணியால் துடைக்க வேண்டும். முதற்பீச்சுப் பாலைக் கருநிறக் கிண்ணத்தில் பிடித்துத் திரி உள்ளதா எனப் பார்க்கலாம். நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். கறந்தபின் காம்புகளை அயோடின் கரைசலில் நனைத்து, தீவனமிட்டு மாட்டை அரைமணி நேரம் நிற்க வைப்பது நலம்; காம்பின் துளை மூடிக்கொள்ள அவகாசம் வேண்டும்.

கிருமியின் மதிலை உடைக்கும் வழியை அறிவியல் தேடிக்கொண்டிருக்கிறது. அக்கிருமி நம் தொழுவத்தில் நுழையாதவாறு காப்பதோ நம் கையில் உள்ளது.