ஜாவாஸ்கிரிப்ட் மொழியைச் சில நிரலாளர்கள் விரும்பாதது ஏன்?

ஜாவாஸ்கிரிப்ட் என்பது இணையப் பக்கங்களை இயங்கச் செய்யும் நிரல்மொழி ஆகும். மிகப் பரவலாகப் பயன்பட்டாலும், நிரலாளர்களில் ஒரு சாரார் இதை விரும்புவதில்லை. மொழி உருவான விதம், தவறுகளை அது கையாளும் முறை, பழைய குறைகளை நீக்க முடியாத நிலை ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள்.

தோற்றம்

நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் இம்மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் உருவாக்கினார். முதலில் மோக்கா எனவும், பின்னர் லைவ்ஸ்கிரிப்ட் எனவும் அழைக்கப்பட்ட இம்மொழி, அவ்வாண்டு டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயரைப் பெற்றது. பெயர் ஒத்திருந்தாலும் ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு. இணையப் பக்கங்களில் சிறு வேலைகளைச் செய்வதற்காக உருவானதால், தவறு நேர்ந்தாலும் பல இடங்களில் நின்றுவிடாமல் தொடர்ந்து இயங்கும்படி இது அமைந்தது.

முக்கியக் குறைகள்

எண்ணையும் சரத்தையும் (எழுத்துத் தொடர்) இம்மொழி தானாகவே ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றிக்கொள்கிறது. "5" - 3 என்றால் விடை 2. ஆனால் "5" + 3 என்றால் விடை "53". படிவத்தில் பயனர் தட்டச்சு செய்யும் எண் சரமாகவே வந்து சேரும். எனவே 100, 50 என்ற இரு விலைகளைக் கூட்டும் நிரல், கவனக்குறைவாக எழுதப்பட்டால் 150க்குப் பதில் 10050 எனக் காட்டும். பிழைச்செய்தி எதுவும் வராது.

ஒப்பீட்டிலும் குழப்பம் உண்டு. 0 == "" என்பது உண்மை; 0 == "0" என்பதும் உண்மை; ஆனால் "" == "0" என்பது பொய். 1, 2, 10 என்ற எண்களை வரிசைப்படுத்தச் சொன்னால், இயல்பாக அவற்றைச் சரங்களாகக் கருதி 1, 10, 2 எனத் தரும்.

எல்லாப் பழியும் இம்மொழியைச் சேராது. 0.1 + 0.2 என்பதற்கு 0.30000000000000004 என்ற விடை வருவதைச் சிலர் கேலி செய்வர். அது தசம எண்களைக் கணினி இருமத்தில் சேமிப்பதால் வருவது. பைத்தான், ஜாவா ஆகியவற்றிலும் அதே விடை வரும்.

ஏன் திருத்த முடியவில்லை?

மொழியின் அடிப்படை நடத்தையை மாற்றினால், அதை நம்பி எழுதப்பட்ட பழைய இணையப் பக்கங்கள் பழுதடையும். ஆகவே குறைகளை நீக்காமல், அவற்றுக்கு அருகில் நல்ல மாற்றுகள் சேர்க்கப்பட்டன. வகையையும் சேர்த்து ஒப்பிடும் === குறி, 2009இல் வந்த கண்டிப்பு முறை, 2015இல் வந்த புதிய மாறி அறிவிப்புகள் ஆகியவை அத்தகையவை. மைக்ரோசாப்ட் 2012இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட், நிரல் இயங்கும் முன்பே வகைப் பிழைகள் பலவற்றைச் சுட்டிக்காட்டுகிறது.

உலாவிகள் அனைத்தும் நேரடியாக ஏற்கும் மொழியாக நெடுங்காலம் இது ஒன்றே இருந்தது. பிடிக்காதவர்களும் இதையே எழுத வேண்டியிருந்ததால் வெறுப்பு வளர்ந்தது.

கற்போர் கவனத்திற்கு

இக்குறைகள் மொழியைக் கற்காமல் இருப்பதற்குக் காரணமாகா. === குறியைப் பயன்படுத்துவதும், படிவத்தில் வரும் மதிப்பை எண்ணாக மாற்றிய பின் கணக்கிடுவதும் தொடக்கத்திலேயே பழகவேண்டியவை. பிழைச்செய்தி வரவில்லை என்பதால் விடை சரி என்று ஆகிவிடாது.